வாளியோடு கட்டிய பாதாளக் கரண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததை ஒட்டி, பழைய கணினியைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். செயலி எத்தனையாவது தலைமுறை, நினைவகம் எட்டு ஜிபி போதுமா பதினாறு வேண்டுமா, திரை எத்தனை அங்குலம் இருந்தால் கண்ணுக்கு நல்லது என்பதையெல்லாம் பொறுமையாக விளக்கிய அக்கட்டுரை, ஒரு கேள்வியை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. கணினிக்குள் இருக்கும் இயங்குதளம் என்றேனும் பழுதானால் அதை மறுபடி நிறுவிக்கொள்ள, வாங்கியவர் கையில் என்ன தரப்படுகிறது என்பதே அந்தக் கேள்வி. மதுரையில் 26 ஆண்டுகளாகச் சிறிய டி.டி.பி. நிலையம் ஒன்றை நடத்திவருபவன் நான். இந்தக் காலத்தில் ஏழு கணினிகளை வாங்கி, அவற்றில் ஐந்தை எடைக்குப் போட்டும் இருக்கிறேன். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முழு இயங்குதள டிஸ்க் என்பதும் ரெக்கவரி டிஸ்க் என்பதும் ஒன்றுதான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; விற்கும் கடைக்காரர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். முழு டிஸ்க்கைக் கொண்டு வெறும் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸை நாமே புதிதாக நிறுவலாம், ஹார்டு டிஸ்க்கை விரும்பியபடி பிரிக்கலாம், கெட்டுப்போன ஒரு கோப்பை மட்டும் மாற்றலாம், மற்றவற்றைத் தொடாமல் மேலேயே நிறுவிச் சரிபார்க்கலாம். ரெக்கவரி டிஸ்க்குக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். கணினி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அதை மாற்றிவைப்பது அந்த வேலை. அந்த நாளுக்குப் பிறகு நாம் சேர்த்த எழுத்துருக்களும் கோப்புகளும் கணக்குகளும் போய்விடும். முதல் நாளில் நாம் நீக்கிய அறுபது நாள் இலவச வைரஸ் தடுப்பு மென்பொருளும் நாம் கேட்காத விளையாட்டுகளும் மட்டும் தவறாமல் திரும்பி வந்துவிடும்.

விண்டோஸ் 98 காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக இல்லை. உரிய விலை கொடுத்து வாங்கியவர்களில் பலருக்குப் பளபளக்கும் முத்திரையோடு முழு டிஸ்க் கைக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில்தான், பெரிய தயாரிப்பாளர்கள் தங்கள் கணினிகளோடு முழு டிஸ்க்கைக் கொடுப்பதற்கு மைக்ரோசாப்ட் கட்டுப்பாடு விதித்தது. ஒரு டிஸ்க்கைப் பத்துப் பேர் கைமாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நம் ஊர் நிலவரம் தெரிந்த யாரும் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு வந்த டிஸ்க்குகள், கணினியின் தாய்ப்பலகையில் பயாஸ் என்று சொல்லப்படும் பகுதியில் தயாரிப்பாளரின் பெயர் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டுமே இயங்கும்படி பூட்டப்பட்டன. ஹார்டு டிஸ்க்கிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்குள் இந்த மீட்புச் சரக்கை வைத்துவிட்டு, டிஸ்க்கே கொடுக்காமல் அனுப்பும் வழக்கமும் கூடவே வளர்ந்தது.

இதில் இன்றும் எனக்கு வியப்பளிப்பது ஒன்று உண்டு. உதிரிபாகங்களை வாங்கிக் கணினி பூட்டிக் கொடுக்கும் சிறு கடைக்காரர்களுக்கென்று மைக்ரோசாப்ட் தனியாக விற்ற உறையில் முழு டிஸ்க்கே இருந்தது. சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் பூட்டிக் கொடுத்த பெயரில்லாத பெட்டிக்கு அந்த உறையையும் சேர்த்து வாங்கியவர் முழு இயங்குதளத்தோடு வீடு திரும்பினார். அதைவிடப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுத்துப் பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியை வாங்கியவர் ரெக்கவரி டிஸ்க்கோடு திரும்பினார். பெரிய நிறுவனங்கள் எல்லாமே அப்படி நடந்துகொண்டன என்றும் சொல்லிவிட முடியாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் டெல் நிறுவனம் தன் கணினிகளோடு கொடுத்த மறுநிறுவல் டிஸ்க், பூட்டு இருந்தாலும் ஏறக்குறைய முழு விண்டோஸாகவே இருந்தது. மனம் இருந்தால் செய்திருக்கலாம் என்பதற்கு அதுவே சான்று.

நான் இதைக் கற்றுக்கொண்டது 2005-இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, நிலையத்துக்கென்று முதன்முதலாக ஒரு பிராண்டட் கணினி வாங்கியிருந்தேன். எக்ஸ்பி ஹோம் பதிப்பு, 40 ஜிபி ஹார்டு டிஸ்க், பெட்டியின் பக்கவாட்டில், விண்டோஸை நிறுவும்போது தட்டச்சு செய்ய வேண்டிய 25 எழுத்துச் சாவி அச்சிட்ட ஒட்டி, கூடவே உறையில் ஒரு ரெக்கவரி டிஸ்க். நல்ல திருமண முகூர்த்த மாதம் ஒன்றில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. புதியது வாங்கி மாட்டினேன். ரெக்கவரி டிஸ்க்கைப் போட்டால், தான் தேடும் பகுதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு அது நின்றுவிட்டது. விசாரித்த பிறகுதான், அந்த டிஸ்க் வெறும் திறவுகோல் என்பதும், உண்மையான சரக்கு செத்துப்போன ஹார்டு டிஸ்க்கின் மறைவுப் பகுதியில் இருந்தது என்பதும் தெரிந்தது.

கிராமத்துக் கிணறுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பாதாளக் கரண்டி தெரிந்திருக்கும். கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் போய்விட்டால், கொக்கிகள் தொங்கும் அந்த இரும்புக் கரண்டியைப் பக்கத்து வீட்டில் வாங்கி வந்து உள்ளே விட்டுத் துழாவி வாளியை எடுப்பார்கள். கரண்டி எப்போதும் கிணற்றுக்கு வெளியேதான் இருக்கும். எனக்கு விற்கப்பட்ட கணினியிலோ கரண்டியை வாளியோடு சேர்த்துக் கட்டியே கிணற்றுக்குள் விட்டிருந்தார்கள்.

அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில், மீட்பு டிஸ்க்குகள் கொண்ட முழுத் தொகுப்பைப் பணம் கட்டித் தருவித்துக்கொள்ளலாம் என்றும், மூன்று வாரம் ஆகும் என்றும் சொன்னார்கள். முகூர்த்த நாள் மூன்று வாரம் காத்திருக்காது. கடைசியில், எங்கள் தெருமுனையில் சர்வீஸ் செய்யும் தம்பி தன் பையிலிருந்து எடுத்த, பேனாவால் பெயர் எழுதிய ஒரு டிஸ்க்கால்தான் அந்தக் கணினிக்கு உயிர் வந்தது. என் பெட்டியில் ஒட்டியிருந்த சாவியை அந்த டிஸ்க் ஏற்கவில்லை. சாவிகள் டிஸ்க்கின் வகைக்கு ஏற்றபடி மாறும் என்பதால், ஊரெல்லாம் சுற்றிய ஒரு பொதுச் சாவியை அவர் தட்டிவிட்டார். அடுத்த ஆண்டு விண்டோஸின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் ஏற்பாடு எங்கள் கணினிக்கும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து, நீங்கள் போலி மென்பொருளால் ஏமாற்றப்பட்டிருக்கக்கூடும் என்ற அறிவிப்பு ஒவ்வொரு நாள் காலையும் திரையின் மூலையில் எட்டிப்பார்த்தது. திரையில் அந்த அறிவிப்பு, அதற்கு ஒரு முழம் தள்ளிப் பெட்டியின் பக்கவாட்டில் நான் பணம் கொடுத்து வாங்கியதற்கான அசல் ஒட்டி. வாடிக்கையாளர் யாராவது அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தால் நான் ஒட்டியைக் காட்டுவேன். அவர்களும் சிரித்துவைப்பார்கள்.

திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, காசு கொடுத்து வாங்கியவனைத் திருட்டு டிஸ்க்கிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதுதான் இதில் நான் சொல்ல வருவது. திருட்டு டிஸ்க் வைத்திருந்தவருக்கு அன்று எந்தக் குறையும் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது முழு டிஸ்க்.

ரெக்கவரி டிஸ்க் ஒழுங்காக இயங்கிய சமயத்திலும் எனக்கு நன்மை விளைந்துவிடவில்லை. விண்டோஸ் 7 போட்ட அடுத்த கணினியில், முன்பு பட்டது போதும் என்று வாங்கிய வாரத்திலேயே அதற்கென்று இருந்த மென்பொருளைக் கொண்டு மூன்று டிவிடிகளில் மீட்புத் தொகுப்பைப் பதிந்துவைத்தேன். ஒரு முறைதான் பதிய முடியும் என்று அந்த மென்பொருள் முன்கூட்டியே எச்சரித்ததால், அந்த டிவிடிகளை நகைபோல் பீரோவில் வைத்திருந்தேன். பிறகொரு நாள் கணினி துவங்காமல் நின்றபோது, நான் வெளியூர் போயிருந்த நேரத்தில், உதவியாளர் அந்த முதல் டிவிடியைப் போட்டுவிட்டு, ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட ஒரே ஒரு கேள்விக்கு ஆம் என்று தட்டிவிட்டார். 'சி' பகுதியோடு, வேலைகளை வைத்திருந்த 'டி' பகுதியும் சேர்ந்தே அழிந்தது. ஒரு கோயில் குடமுழுக்கு மலருக்காகப் பக்கம் கட்டிவைத்திருந்த 64 பக்கங்கள் போயின. திருத்தம் பார்க்கக் கொடுத்த அச்சுப்படிகள் விழாக் குழுவிடம் இருந்ததால், இரண்டு பேர் ஒன்பது நாள் உட்கார்ந்து மீண்டும் தட்டச்சு செய்தோம். பழைய எட்டு பிட் தமிழ் எழுத்துருக்களும் அவற்றுக்கான விசைப்பலகை இயக்கிகளும் (டிரைவர்கள்) பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரும் போட்டு, ஒவ்வொன்றையும் பழையபடி பழக்கத்துக்குக் கொண்டுவர மேலும் இரண்டு நாள் ஆயிற்று. தமிழில் தொழில் செய்கிறவருக்குத் தொழிற்சாலை நிலை என்பது ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலைதான். காப்புப் பிரதி வைத்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு, வைத்திருக்க வேண்டும் என்பதே என் பதில். அந்தத் தவறு என்னுடையது. ஆனால் முழு டிஸ்க் கையில் இருந்திருந்தால் அன்று அழிப்பதற்கு முன் பழுதுபார்க்க ஒரு வழியாவது இருந்திருக்கும்.

ரெக்கவரி முறையில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒலி, திரை, வைஃபை ஆகியவற்றுக்கான இயக்கிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போடத் தெரியாத குடும்பத்துக்கு, ஒரு விசையை அழுத்தினால் எல்லாம் தானே நடந்தேறும் என்பது பெரிய உதவி. கணினியைக் கைமாற்றி விற்கும்போதும் அது பயன்படும். என் வழக்கு அதை ஒழிக்க வேண்டும் என்பதல்ல, அதை மட்டுமே கொடுத்துவிட்டு முழு இயங்குதளம் கொடுத்ததாகக் கணக்குக் காட்டக் கூடாது என்பதுதான்.

இப்போது டிஸ்க் ஓட்டும் கருவியே மடிக்கணினிகளில் இல்லை, இந்தப் பேச்சு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் சாவி தாய்ப்பலகையிலேயே பதிக்கப்படுகிறது, ஆகவே ஒட்டி தேய்ந்து எழுத்து மறைந்துபோகும் கவலை இல்லை. மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து முழு விண்டோஸையும் எவரும் இலவசமாக இறக்கி, எட்டு ஜிபி பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம். வரிசை எண்ணைக் கொடுத்தால் அந்தக் கணினிக்கே உரிய மீட்புத் தொகுப்பை இறக்கித்தரும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். இவை அனைத்தும் உண்மை, முன்பைவிட நல்ல நிலைதான். ஆனால் இறக்குவதற்கு ஓடுகிற இன்னொரு கணினி வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரே ஒரு மடிக்கணினி உள்ள வீட்டில், அது படுத்த பிறகு எதைக் கொண்டு இறக்குவது? மறுபடியும் தெருமுனைத் தம்பியிடம்தான் போக வேண்டும்.

இறக்கிக்கொண்டாலும் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை என் உறவினர் மகளின் மடிக்கணினியில் நேரில் கண்டேன். மைக்ரோசாப்ட் தளத்தில் இறக்கிய விண்டோஸ் 11 பென் டிரைவை மாட்டித் துவக்கினால், எங்கே நிறுவுவது என்று கேட்கும் பக்கத்தில், இப்போது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சேமிப்பகமான எஸ்எஸ்டி-யே தென்படவில்லை. எஸ்எஸ்டி கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்றார் முதலில் பார்த்தவர். உண்மையில் எஸ்எஸ்டி நன்றாகவே இருந்தது. இன்டெலின் பதினோராம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் சேமிப்பகத்தை நிர்வகிக்கும் விஎம்டி என்ற ஏற்பாடு இயக்கப்பட்டிருக்கிறது. அதற்கான இயக்கியைத் தனியாகக் கொடுத்தால்தான் நிறுவும் மென்பொருளுக்கு எஸ்எஸ்டி கண்ணில் படும். அதைத் தாண்டினால், ஹோம் பதிப்பு இணையத்தோடு இணைக்கச் சொல்லி நிற்கிறது. வைஃபைக்கான இயக்கியோ அந்தப் பென் டிரைவில் இல்லை. தயாரிப்பாளர் அந்த இரண்டு இயக்கிகளையும் சேர்த்து ஒரு பென் டிரைவைப் பெட்டியில் போட்டிருந்தால், அந்தப் பெண் தன் கல்லூரித் திட்ட அறிக்கை வேலையில் நான்கு நாளை இழந்திருக்க மாட்டாள். அந்த எஸ்எஸ்டி-யை மாற்றச் சொன்னவர் பேச்சைக் கேட்டிருந்தால் பணமும் வீணாகியிருக்கும்.

இன்னொரு புதிய கண்ணியும் சேர்ந்திருக்கிறது, அதைத் தங்கள் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் வரும் புதிய மடிக்கணினிகளில், மைக்ரோசாப்ட் கணக்கின் வழியாக உள்நுழைந்தவுடன், நாம் கேட்காமலேயே எஸ்எஸ்டி முழுவதும் மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது உரிய எண் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் தாய்ப்பலகையை மாற்றினாலோ, வெளியிலிருந்து பழுதுபார்க்க முயன்றாலோ, 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண், கணினியில் முதலில் உள்நுழையப் பயன்படுத்திய மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். சென்ற மாதம் நான் வாங்கிய மடிக்கணினியில் அந்தக் கணக்கை உருவாக்கியது நானல்ல, விற்பனைக் கடையின் பையன். "நான் ஓப்பன் பண்ணிக் கொடுத்துடறேன் சார்" என்று சொல்லிக்கொண்டே, அவசரத்துக்கு ஏதோ ஒரு மின்னஞ்சலையும் தன் கைபேசி எண்ணையும் அவர் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தடுத்தேன். தடுக்காதவர்கள் எத்தனை பேரோ. அவர்களுக்குப் பழுது வரும் நாளில் இயங்குதளம் மட்டுமல்ல, குடும்பப் படங்களும் சேர்ந்து போகும்.

அதே கடையில் மீட்பு டிஸ்க் அல்லது பென் டிரைவ் எங்கே என்று கேட்டபோது, "எல்லாம் உள்ளேயே இருக்கு சார்" என்ற பதில் வந்தது. 2003-இலும் இதே பதிலைத்தான் கேட்டேன். உள்ளே இருப்பது உண்மைதான், பத்துப் பதினைந்து ஜிபி இடத்தை எடுத்துக்கொண்டு அதே எஸ்எஸ்டி-யில் இருக்கிறது. எஸ்எஸ்டி போனால் அதுவும் போகும். பழைய ஹார்டு டிஸ்க்காவது கரகரவென்று சத்தம் போட்டுச் சாவதற்கு முன் சொல்லிவிட்டுச் சாகும். எஸ்எஸ்டி பெரும்பாலும் அந்த மரியாதையைக்கூடக் காட்டுவதில்லை.

விற்பனை விலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டி வாங்கும் பொருள் இது. இயங்குதளத்தின் விலையும் அந்தத் தொகைக்குள் அடக்கம். பொருளின் தரமும் அளவும் விலையும் என்னவென்று அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்கு அளித்திருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கான வரையறையை வகுக்க ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவையும் அமைத்தது. உதிரிபாகம், கையேடு, சேவை மையம் என்று நடக்கும் அந்தப் பேச்சில், கணினியைப் பொறுத்தவரை முதல் உதிரிபாகமே அதன் இயங்குதளம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்று ஒரு 32 ஜிபி பென் டிரைவ் சில நூறு ரூபாய்தான். ஐம்பதாயிரம் ரூபாய் மடிக்கணினியோடு இலவசமாகப் பையும் மவுஸும் தர முடிகிற தயாரிப்பாளர்களுக்கு, இயக்கிகளோடு கூடிய முழு இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் தருவது பெருஞ்செலவாக இருக்க முடியாது.

தமிழ்நாடு அரசு இதில் வழிகாட்ட முடியும். 2011 முதல் மாணவர்களுக்கென்று லட்சக்கணக்கில் மடிக்கணினிகளைத் தன் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாக ஒப்பந்தப் புள்ளி கோரி வாங்கிய மாநிலம் இது. அவ்வளவு பெரிய கொள்முதலில், செயலியின் வேகத்தைப் பற்றி எழுதும் நிபந்தனைகளோடு, முழு இயங்குதளத்தைத் தனியாகத் தர வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்தால், தயாரிப்பாளர்கள் மறுக்க மாட்டார்கள். ஒரு பள்ளிக்கு இரண்டு பென் டிரைவ் கொடுத்தாலே போதும். கணினி ஆசிரியர் அதைக் கொண்டு பத்து மடிக்கணினிகளைக் காப்பாற்றிவிடுவார். ஒன்றிய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை எத்தனை படி வேண்டுமானாலும் எடுத்து எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதையும் இங்கே நினைவூட்டலாம், என் தொழிலுக்கான மென்பொருள்கள் அதில் ஓடாததால் நான் அதற்கு மாறவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டே.

அது நடக்கும் வரை, புதுக் கணினி வாங்குவோர் கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், விண்டோஸில் உள்ள மீட்பு டிரைவ் உருவாக்கும் வசதியைக் கொண்டு கடைக்காரரையே அதைச் செய்துதரச் சொல்வது நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், முகம் சுளிப்பார், உட்கார்ந்திருங்கள். மைக்ரோசாப்ட் கணக்கை உங்கள் மின்னஞ்சலிலேயே உருவாக்கி, 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். தயாரிப்பாளர் தளத்திலிருந்து சேமிப்பகம், வைஃபை இரண்டுக்குமான இயக்கிகளை இறக்கி அதே பென் டிரைவில் போட்டுவையுங்கள்.

இறுதியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தீபாவளி, பொங்கல் நாள்களில் தங்கள் நாளிதழின் முழுப் பக்கங்களில் வரும் கணினி விளம்பரங்களில் செயலி, நினைவகம், தவணை, கேஷ்பேக், இலவசப் பை வரை எல்லாம் அச்சாகின்றன. அவற்றின் கீழே, "முழு இயங்குதளம் தனியாகத் தரப்படும்" அல்லது "தரப்படாது" என்ற ஒரு வரியையும் சேர்த்துத் தரும்படி விளம்பரதாரர்களைத் தங்கள் விளம்பரப் பிரிவு கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் இந்த இரண்டில் எதை எழுதினாலும், வாங்கப் போகிறவர் கடையில் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
டி.டி.பி. நிலைய உரிமையாளர்,
மதுரை.